பற்றும் பந்தும்

பற்று என்னும் சொல்லை நம் முன்னோர் இருவேறு தட்டுகளில் வைத்து நிறுத்திருக்கின்றனர். துறவு பேசும் நூல்கள் அதனை விடத்தக்கது என்கின்றன. நாட்டுப்பற்று, மொழிப்பற்று என்று நாம் மேடையில் முழங்கும்போதோ அதே சொல் மாலை சூடி வந்து நிற்கிறது. ஒரு சொல் ஓரிடத்தில் விலங்காகவும் மற்றோரிடத்தில் அணிகலனாகவும் இருப்பது எங்ஙனம்? வகுப்பறையில் இவ்வினாவை எழுப்பினால் மாணவர் பெரும்பாலும், “எதன்மீது பற்று என்பதைப் பொறுத்தது” என்பர். பெரிய பொருளின்மீது வைத்தால் நன்று, அற்பப் பொருளின்மீது வைத்தால் தீது என்பது அவர்தம் எண்ணம். இவ்விடை எனக்கு நிறைவு தருவதில்லை. ஆகவே அதனைச் சோதித்துப் பார்ப்பதற்கென்றே மிகச் சிறியதொரு பொருளை இங்கு எடுத்துக்கொள்கிறேன். சிங்கப்பூரின் கிழக்குப் பகுதியில் உள்ள ஒரு காற்பந்துக் கழகமே அது.

சாங்கி என்றதும் இன்று உலகத்தார் வானூர்தி நிலையத்தை நினைக்கின்றனர். 1981இல் அது செயற்படத் தொடங்குமுன் அவ்வூரின் பெயரைக் கேட்டோர் சிறையையும் படைமுகாமையுமே நினைத்தனர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் அங்கு அடைக்கப்பட்ட போர்க்கைதிகள், அரைவயிற்றுச் சோற்றோடு அணி பிரிந்து பந்தாடினர். பசித்தவனுக்குப் பந்து எதற்கு என்று நாம் கேட்கலாம், அவர்கள் கேட்கவில்லை. பிரிட்டிஷ் படைகள் 1971இல் விலகும்வரை அத்தளங்களில் நம்மவர் பலர் பணியாற்றினர். சாங்கி கிராமத்து ஸ்ரீ ராமர் ஆலயம் அக்காலத்து வாழ்வை நினைவூட்டி இன்றும் நிற்கிறது. பின்னர்க் கம்பங்கள் கலைந்தன. மக்கள் பிடோக்கிற்கும் தெம்பனிசிற்கும் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தனர். இன்றைய லீக்கில் சாங்கியின் பெயரைத் தாங்கிய கழகம் ஏதுமில்லை. சாங்கிவாசி பந்தாட்டம் பார்க்க வேண்டுமெனில் 29ஆம் எண் பேருந்தேறித் தெம்பனிசுக்குத்தான் செல்லவேண்டும். அவ்வழியே நானும் தெம்பனிஸ் ரோவர்ஸ் கழகத்தின் ஆதரவாளன் ஆனேன். ஆராய்ந்து தெரிந்தெடுத்தேன் என்று சொல்வதற்கில்லை. பேருந்து அங்கே போயிற்று, அவ்வளவே.

அக்கழகம் போர் முடிந்த 1945ஆம் ஆண்டில் தோன்றியது. 1996இல் எட்டுக் கழகங்களோடு எஸ்-லீக் தொடங்கியபோது அவ்வெட்டனுள் ஒன்றாக நின்றது. 2002இல் சிங்கப்பூர்க் கிண்ணத்தை வென்றது. 2004இல் லீக் பட்டம், கிண்ணம் இரண்டையும் ஒருசேரக் கைப்பற்றியது. 2005இல் மீண்டும் லீக் பட்டத்தோடு ஆசியான் கழகங்களுக்கான கோப்பையும் வந்தது. 2011, 2012, 2013 என மூன்றாண்டுகள் தொடர்ந்து லீக் பட்டம். அதற்குப்பின் பத்தாண்டுக்கும் மேலாக லீக் பட்டம் எட்டவில்லை. இடையே 2019இல் கிண்ணம் மட்டும் வாய்த்தது. இப்படிச் சொல்லும்போது ஏற்றமும் இறக்கமும் வரைபடத்துக் கோடுபோல் எளிதாகத் தெரிகின்றன. பலகையில் அமர்ந்து பார்த்தவனுக்கு அவை அவ்வாறு தோன்றவில்லை. ஒவ்வோர் இறக்கமும், இனி ஏற்றமே இல்லை என்பதுபோல்தான் வந்தது.

இக்கழகத்தின் வரலாற்றில் ஒரு விந்தை உண்டு. தெம்பனிசின் பழைய விளையாட்டரங்கை இடித்து, நூலகம், நீச்சற்குளம், கடைகள் யாவும் ஒருங்கே அமைந்த பெரிய நடுவம் ஒன்று எழுப்பப்பட்டது. அக்காலத்தில் கழகம் வீடிழந்தது. முதலில் கிளமெண்டியிலும் பின்னர் ஜூரோங் வெஸ்ட்டிலும் ஆடியது. 2017இல்தான் சொந்த ஊர் திரும்பியது. கிளமெண்டியும் ஜூரோங்கும் தீவின் மேற்கே உள்ளன. ‘தன் திடலில் ஆடும் ஆட்டம்’ என்று அட்டவணையில் அச்சிட்டிருக்கும். அத்திடலை அடையக் கிழக்குவாசி கிழக்கு மேற்கு ரயில் பாதையில் ஒரு மணி நேரத்தளவு பயணம் செய்ய வேண்டும். 2012, 2013 ஆண்டுகளின் பட்டங்கள் இந்த நாடோடி வாழ்வினிடையே வந்தவை. ஊரார் கண்முன் ஆடாத காலத்தில் ஊருக்குப் பெருமை வந்தது. ஊர் திரும்பியபின், ஐயாயிரம் பேர் அமரத்தக்க புதிய அரங்கு கிடைத்தபின், லீக் பட்டம் வரவில்லை. வாழ்க்கை சில வேளை இவ்வாறு கணக்கைத் தலைகீழாக எழுதுகிறது.

வேலை முடிந்த மாலையில் உடல் களைப்போடு ஒருவன் கிழக்கிலிருந்து மேற்கே சென்று, தன் அணி தோற்பதைக் கண்டு, இரவில் வீடு திரும்புகிறான். அடுத்த வாரமும் போகிறான். இதனை அறிவுடைமை என்பதா, பேதைமை என்பதா? அவன் வீட்டார் என்ன சொல்வர் என்பது எனக்குத் தெரியும். அதே மாலையில் அவன் மகன் தொலைக்காட்சியின்முன் அமர்ந்து, ஆறாயிரம் மைல்களுக்கு அப்பால் ஆடும் லிவர்பூலையோ மான்செஸ்டரையோ பார்த்திருப்பான். ஆட்டத்தின் தரத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் மகனே அறிவாளி. சிறந்ததைத் தெரிந்து கொள்கிறான். அது தாழ்ந்தால் வேறொன்றுக்கு மாறவும் அவனுக்குத் தடையில்லை. 2016இல் ஆங்கில நாட்டுப் பெருங்கழகங்களில் ஆடிப் புகழ்பெற்ற ஜெர்மெய்ன் பென்னன்ட் தெம்பனிசுக்கு வந்து ஓராண்டு ஆடினார். அவரைக் காண அரங்கிற்குப் புதியவர்கள் வந்தனர். அவர் சென்றபின் அவர்களைத் தேடிப் பயனில்லை. இதில் குற்றம் காண்பதற்கில்லை. அவர்கள் ஆட்டத்தை விரும்பி வந்தவர்கள். ஆட்டம் முடிந்தது, சென்றனர்.

ஆனால் இங்கு நம் வள்ளுவரின் வைப்புமுறை ஒன்றை மாணவர்க்குச் சுட்டிக்காட்ட விழைகிறேன். நட்பியலில் ‘நட்பாராய்தல்’ என்னும் எண்பதாம் அதிகாரத்தை அடுத்துப் ‘பழைமை’ என்னும் எண்பத்தொன்றாம் அதிகாரம் நிற்கிறது. முன்னது, கொள்ளுமுன் ஆராய் என்கிறது. பின்னது, கொண்டபின் பழகிய உரிமையால் நேரும் குறைகளைப் பொறு என்கிறது. ஆராய்ச்சிக்கு ஒரு காலம் உண்டு. அது முடிந்தபின் வேறொரு நெறி தொடங்குகிறது. ஒவ்வொரு வாரமும் நண்பனை மதிப்பெண் இட்டுப் பார்ப்பவனிடம் முதல் அதிகாரம் மட்டுமே உண்டு, இரண்டாவது இல்லை. தரத்தைத் தேடி நகரும் மகனிடம் நான் காணும் குறை இதுதான். பாரி மாண்டு பறம்பு பகைவர் கைப்பட்டபின் கபிலர் வேறொரு வள்ளலை நாடிச் சுகமாக வாழ்ந்திருக்கலாம். புலமைக்கு விலை கொடுக்க வேந்தர் மூவரும் இருந்தனர். அவரோ பாரி மகளிரை அழைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார். கபிலரையும் பலகையில் அமர்ந்து கத்தும் காற்பந்து ஆதரவாளனையும் ஒரே தட்டில் வைப்பதா என்று புலவர் பெருமக்கள் சினவற்க. அளவில் இருவரும் மலையும் மடுவும். நான் கேட்பது, தன்மையில் வேறுபாடு எங்கே தொடங்குகிறது என்பதுதான்.

இனி எதிர்வாதத்தின் வலிமையான பகுதிக்கு வருவோம். பழைமை ஆராய்ச்சிக்குப் பின் வருவது. ஆனால் நான் தெம்பனிசை ஆராயவே இல்லை என்று முன்னரே கூறினேன். பேருந்து கொண்டுசேர்த்த பற்று இது. தாயும் தாய்மொழியும்கூட நாம் ஆராய்ந்து பெற்றவை அல்லவே என்று உடனே விடையிறுப்பார் உளர். மேடைக்கு ஏற்ற விடை, கைதட்டலும் கிட்டும். எனினும் அது ஆபத்தான விடை. ஆராயாமல் பிறப்போடு வந்தவற்றுள் சாதியும் ஒன்று. தாய்மொழியைக் காக்கும் அதே வாதத்தால் அதனையும் காக்கலாம். காக்க முயன்றோர் நம் கண்முன் உண்டு. ஆகையால் ‘தானே வந்தது’ என்பது ஒரு பற்றுக்கு இழிவும் ஆகாது, நியாயமும் ஆகாது. வந்த வழியைக் கொண்டு அதனை அளக்க இயலாது.

பின் எதனைக் கொண்டு அளப்பது? மாணவர் சொன்ன ‘பொருளின் பெருமை’யும் போதவில்லை. மிகப் பெரிய பொருள்களின்மீது வைத்த பற்றே மிகப் பெரிய கொடுமைகளுக்கும் துணைபோயிருக்கிறது. நான் இரண்டு கேள்விகள் கேட்பேன். அப்பற்றுக்கான விலையை யார் செலுத்துகிறார்? அப்பற்று தன் பொருளின் குற்றத்தைக் காணக் கண்ணை விட்டுவைக்கிறதா?

முதற்கேள்விக்குச் சாதி தோற்றுப்போகிறது. சாதிப்பற்றின் விலையைப் பற்றுக்கொண்டவன் செலுத்துவதில்லை. அவனுக்குக் கீழே வைக்கப்பட்டவன் செலுத்துகிறான். தெம்பனிசின் ஆதரவாளனோ தன் மாலைப்பொழுதையும் தன் தொண்டையையும் தவிர வேறெவருடையதையும் செலவிடுவதில்லை. அவன் அருகில் மஞ்சள் சட்டையணிந்து அமர்ந்திருப்பவர் மலாய்க்காரராக இருப்பார், சீனராக இருப்பார். உள்ளே வரப் பிறப்புச் சான்று கேட்பாரில்லை. நேற்றுக் குடிவந்தவனும் இன்று ஆதரவாளன் ஆகலாம்.

இரண்டாம் கேள்வி கடினமானது. சிங்கப்பூர்க் காற்பந்து அதனை 1994ஆம் ஆண்டில் எதிர்கொண்டது. அதற்குமுன் மலேசியக் கிண்ணம் என்றால் இத்தீவில் என்ன பொருள் என்பதை இளையோர்க்குச் சற்று விளக்க வேண்டும். 1973இல் திறக்கப்பட்ட காலாங் தேசிய விளையாட்டரங்கில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடி எழுப்பும் ஒலிக்குக் ‘காலாங் கர்ச்சனை’ என்றே பெயர் வழங்கிற்று. 1977இல் சூ செங் குவீ பயிற்றுவித்த அணி, கோலாலம்பூரில் பினாங்கை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வென்று கிண்ணத்தைக் கொணர்ந்தது. தற்காப்பில் நம்மவர் சமது அல்லாப்பிச்சை கற்சுவர்போல் நின்றார். அக்காலத்து எஸ். ராஜகோபால் கோணலாக வளைத்தடிக்கும் பந்தைப் பற்றித் தேக்கா காப்பிக் கடைகளில் பேசித் தீராது. பந்து எங்குத் தொடங்கி எங்கு முடியும் என்பதை மேசையில் விரலால் வரைந்து காட்டுவர். 1980இல் சிலாங்கூரை வென்று மீண்டும் கிண்ணம். 1994இல் லீக் பட்டம், கிண்ணம் இரண்டுமே வந்தன. அதே ஆண்டில்தான் ஆட்டங்களை விலைக்கு விற்ற ஊழல் இரு நாடுகளையும் உலுக்கியது. ஆட்டக்காரர் பலர் விசாரணைக்கு உள்ளாயினர். 1995இல் சிங்கப்பூர் அப்போட்டியிலேயே இல்லை.

தன் அணி விலைபோயிருக்கலாம் என்று அறிந்த ஆதரவாளன் என்ன செய்ய வேண்டும்? கண்ணை மூடிக்கொண்டு, ‘எம்மவர் செய்திருக்க மாட்டார்’ என்று வழக்காடுவது பற்று அன்று, அது உடந்தை. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரேயடியாகப் போய்விடுவது நேர்மைதான். ஆயின் எல்லா நல்லவரும் அவ்வாறு போய்விட்டால் அரங்கில் எஞ்சுவோர் யார் என்பதையும் எண்ண வேண்டும். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்னும் பொருளியலறிஞர் 1970இல் வெளியிட்ட நூல் இதனைத் தெளிவாக ஆராய்கிறது. ஓர் அமைப்பு சீர்கெடும்போது அதனைச் சார்ந்தவர்க்கு இரண்டு வழிகள் உள்ளன என்பார் அவர். ஒன்று விலகுதல், மற்றொன்று உள்ளிருந்து குரல் கொடுத்தல். பற்றுறுதி என்பது விலகுதலைத் தாமதப்படுத்திக் குரலுக்கு நேரம் வாங்கித் தருவது. இவ்விளக்கத்தின்படி, தன் அணியைப் பார்த்து உரக்கக் கடிந்துகொள்ளும் ஆதரவாளன் பற்றில் குறைந்தவன் அல்லன். பற்று அற்றவன் கத்தமாட்டான். அவன் அப்போது வீட்டில் இருப்பான்.

ஹிர்ஷ்மன் அந்நூலில் பள்ளிகளையும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். ஒரு பள்ளியின் தரம் குறையத் தொடங்கியதும் முதலில் வெளியேறுவோர், தரத்தில் மிகுந்த அக்கறை கொண்ட பெற்றோரே என்கிறார். அதாவது, உள்ளே இருந்திருந்தால் மிகுந்த வலிமையோடு குரல் கொடுத்திருக்கக் கூடியவர்கள் எவரோ, அவர்களே முதலில் கதவைத் திறந்துகொண்டு போகின்றனர். இவ்வரியை ஆசிரியர்களாகிய நம்மில் எவரும் எளிதாகக் கடந்துவிட முடியாது. சிங்கப்பூரின் கடைசித் தமிழ்வழிப் பள்ளியான உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982இல் மூடப்பட்டது. அதனை எவரும் பகைமையால் மூடவில்லை. பிள்ளைகள் வரவில்லை. பிள்ளைகளின் பிழைப்பைக் கருதி ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிய பெற்றோரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் தம் பற்றுக்கான விலையைத் தம் மக்கள் தலையில் ஏற்ற மறுத்தனர் எனலாம். என் முதற்கேள்வி அவர்கள் பக்கமே நியாயம் சொல்கிறது. அதே பெற்றோர் வீட்டில் தமிழ் பேசுவதையும் சேர்த்து விட்டார்களே, அதற்கு என்ன விலை தடுத்தது? அங்கு என் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக இல்லை.

பெருமை பற்றியும் ஒரு சொல். பந்தை உதைத்தவன் எவனோ, மார்தட்டுபவன் எவனோ என்று ஆதரவாளனை எள்ளுவதுண்டு. 1998இல் ஹனோயில் நடந்த ஆசியான் கோப்பை இறுதியாட்டத்தில் வியட்நாமை வீழ்த்திய ஒற்றைக் கோல், ஆர். சசிகுமாரின் தோளில் பட்டுச் சென்றது. அடித்தவரே குறிவைத்து அடித்தாரா என்று சொல்லமுடியாத கோலுக்கு, சிராங்கூன் சாலையில் இருந்தவர்கள் தாமே அடித்ததுபோல் மகிழ்ந்தனர். வேடிக்கைதான். ஆயின் கல்லணையை நினைத்தும் தஞ்சைப் பெருவுடையார் கோயிலை நினைத்தும் நாம் நிமிர்ந்து நடக்கிறோமே, அவற்றில் ஒரு கல்லையேனும் நாம் சுமந்தோமா? பிறர் ஈட்டிய பெருமையில் பங்கு கேட்பது தவறென்றால் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியவர்கள் நம் மேடைப் பேச்சாளர்கள். அப்பங்கைக் கேட்க ஒரு தகுதி உண்டு என்று நான் கருதுகிறேன். இழிவிலும் பங்கேற்றிருத்தல் வேண்டும். கோப்பை வந்த நாளில் மட்டும் மஞ்சள் சட்டை வாங்குபவனுக்கு அத்தகுதி இல்லை. தோற்ற இரவுகளில் ஜூரோங்கிலிருந்து ரயிலேறித் திரும்பியவனுக்கு உண்டு. சோழர் கோயிலில் பெருமை கொள்வோர் அதே சமுதாயத்தின் தீண்டாமைக்கு வெட்கப்பட்டும் இருந்தால், அவர்களையும் நான் ஏற்பேன்.

2022 நவம்பரில் ஜாலான் புசார் அரங்கில் சிங்கப்பூர்க் கிண்ண இறுதியாட்டம். 1929இல் திறக்கப்பட்ட அவ்வரங்கு தேக்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளது. தெம்பனிசும் ஹவ்காங் யுனைடெட்டும் மோதின. ஹவ்காங் கழகம் 1998இல் மரீன் காசல் என்ற பெயரில் லீக்கில் நுழைந்தது. செங்காங் என்று பெயர் மாறியது. பிறகு ஹவ்காங் ஆயிற்று. இருபத்துநான்கு ஆண்டுகளில் ஒரு கோப்பைகூட வென்றதில்லை. ஆயினும் இந்நாட்டிலேயே மிகுந்த ஆரவாரத்தோடு பாடும் ஆதரவாளர் கூட்டம் அதற்கு உண்டு. அன்று ஹவ்காங் மூன்றுக்கு இரண்டு என்று வென்றது. நான் தோற்ற பக்கத்தில் அமர்ந்திருந்தேன். எதிர்ப்பக்கத்தில் நரைத்த ஆடவர் அழுததைக் கண்டபோது எனக்கு எரிச்சல் வரவில்லை என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. எரிச்சல் வந்தது, அதனூடே வேறொன்றும் வந்தது. ஜோசையா ராய்ஸ் என்னும் அமெரிக்க மெய்யியலறிஞர் 1908இல் எழுதிய நூலில் ‘பற்றின்மீது பற்று’ என்றொரு கருத்தை முன்வைத்தார். என் பற்று உண்மையானதாயின், பிறனுடைய பற்றையும் மதித்தல் வேண்டும். அதனை அழிக்க முற்படும் பற்று தன்னைத்தானே மறுப்பதாகும் என்பது அதன் சாரம். பலமுறை வகுப்பில் விளக்கிய கருத்துத்தான். அதற்கொரு முகம் உண்டென்பதை அன்றிரவு ஜாலான் புசாரில் கண்டேன்.

பெயர் மாறி, திடல் மாறி, ஆட்டக்காரர் அனைவரும் மாறிய பின்னும் ஹவ்காங் அதே கழகம்தானா என்று ஒரு தருக்கப் புலி கேட்கலாம். ஆங்கில நாட்டில் இவ்வினா வெறும் தருக்கமாக நிற்கவில்லை. விம்பிள்டன் கழகத்தை அதன் உரிமையாளர் 2003இல் மில்ட்டன் கீன்ஸ் என்னும் வேறு நகருக்குப் பெயர்த்துச் சென்றனர். ஆதரவாளர்கள் பின்தொடரவில்லை. அதற்கு முந்தைய ஆண்டிலேயே, 2002இல், தாமே ஒரு புதிய கழகத்தைத் தொடங்கி, லீக் அமைப்பின் ஒன்பதாம் படியிலிருந்து ஏறி, 2011இல் ஃபுட்பால் லீக்கை அடைந்தனர். ஆட்டக்காரரும் ஆவணங்களும் ஓரிடத்தில், கழகம் வேறோரிடத்தில் என்று அவர்கள் தீர்ப்பளித்தனர். கோயிலில் குடமுழுக்கின்போது மூர்த்தியின் ஆற்றலைக் குடத்திற்கு மாற்றி வைப்பர். அப்போது வழிபாடு அக்குடத்திற்கு நடைபெறும். ஆதரவாளர் கூட்டம் அத்தகைய குடம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தெம்பனிஸ் மேற்கே அலைந்த ஆண்டுகளில் அக்கழகம் எங்கே இருந்தது என்று கேட்டால், கிழக்கு மேற்கு ரயிலின் பெட்டிகளில் இருந்தது என்பேன்.

அப்படியாயின் குடமே உடைந்தால்? இது இத்தீவில் கற்பனை வினா அன்று. தஞ்சோங் பகார் யுனைடெட் 2004இல் லீக்கை விட்டது. 2011இல் திரும்பி வந்தது. 2014க்குப்பின் மீண்டும் விலகியது. உட்லண்ட்ஸ் வெலிங்டனும் அவ்வாண்டோடு ஹவ்காங்கில் கரைந்தது. ஒன்பது முறை லீக் பட்டம் வென்ற ஆயுதப்படைக் கழகம், வாரியர்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டபின், 2020இலிருந்து ஆடவில்லை. அதன் கடைசி ஆட்டம் 2019இன் கிண்ண இறுதியாட்டம். எதிரணி தெம்பனிஸ். நான்குக்கு மூன்று என்று நாங்கள் வென்றோம். ஆட்டம் முடிந்தபோது இது கடைசி என்று எவர்க்கும் உறுதியாகத் தெரியாது. ஏழு கோல்கள் கண்ட மகிழ்ச்சியில் இரு பக்கமும் கலைந்தது. வாரியர்சின் ஆதரவாளர்கள் இப்போது எங்கே செல்கின்றனர் என்று கேட்டுப் பார்த்தேன். சிலர் வேறு கழகத்தைப் பார்க்கின்றனர். சிலர் பந்தாட்டத்தையே விட்டனர். ஒருவர் மட்டும் இன்றும் பழைய சட்டையோடு தெம்பனிஸ் அரங்கிற்கு வருகிறார், எங்கள் ஆட்டத்திற்கு, எங்கள் எதிரணி எதுவாயினும் அதன் பக்கம் அமர்ந்துகொள்கிறார்.